பச்சைக் காருக்குப் புது பிரேக்

எங்கள் வீட்டுப் பச்சைக் காரை எனக்குச் சக்களத்தி என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சக்களத்தியாக இருந்தால் மயிரைப் பிடித்துச் சண்டையாவது போட்டிருக்கலாம். இதனிடம் என்ன செய்வது? கிளம்பும்போது காதைப் பிளக்கும், நிற்கும்போது உயிரை வாங்கும். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். எழுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி. பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பெரிய வீட்டு ஷெட்டில் கோழிகள் முட்டையிடும் இடமாகக் கிடந்ததை என் வீட்டுக்காரர் சின்னசாமி லாரியில் ஏற்றி மல்காஜ்கிரிக்குக் கொண்டுவந்தார். டியூட்டி முடிந்த நேரமெல்லாம் அதற்கு அடியில் படுத்துக் கிடந்தார். பல வருஷம் கழித்து ஒருநாள் அது உறுமியது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

உயிரை வாங்கும் என்று சும்மா சொல்லவில்லை. இன்றைய கார்களில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே வண்டி நிற்கிறது. இதில் பெடல் மேல் ஏறி நிற்காத குறையாக மிதிக்க வேண்டும். முன்னால் சின்ன டிஸ்க், பின்னால் பழைய டிரம், கால் மிதிப்பதற்குத் துணையாக இருக்கும் பூஸ்டர் கிடையாது. இவருக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிரேக் செக்‌ஷன் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். “முழு ரயிலையே நிறுத்தினவன், இந்தச் சுண்டைக்காய் என்ன பண்ணிப்போடும்?” என்பார்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சு திரும்பியது, கை திரும்பியது. வலது கால் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. நடப்பார், ஆனால் அந்தப் பக்கத்துச் செருப்பு தரையில் இழுபடும். டாக்டரிடம் இவர் கேட்ட முதல் கேள்வி நடப்பேனா என்பதல்ல, ஓட்டுவேனா என்பது. டாக்டர் “பார்க்கலாம்” என்றார். அப்படி ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவர் சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிசியோதெரபிக்கு வந்த பையனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெங்களூரிலிருந்து மகள் அஸ்வினி போன் செய்தால் “ம்” என்பார். சாப்பாடு தட்டிலேயே காயும்.

அப்புறம் ஒருநாள் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். “அரசி, அந்த வண்டிக்கு பிரேக்கு பத்தல. இவ்வளவு பவர் இருக்கற வண்டிக்கு இந்த பிரேக்கு ஆகாது. மாத்திப்போடலாம்.”

இத்தனை வருஷம் பத்திய பிரேக் திடீரென்று ஏன் பத்தாமல் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் பிசியோ பையனிடம் தானாகக் காலை நீட்டினார். மாடிப்படியில் ஏறி இறங்கினார். இந்த வண்டியை இவர் மறுபடி ஓட்டினால் என் பழைய மனுஷர் எனக்குத் திரும்பக் கிடைப்பார், ஓட்ட முடியாவிட்டால் சுவரைப் பார்த்த நாற்காலிதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. சக்களத்தியாவது கிக்களத்தியாவது, அந்தக் கார் நல்லபடியாக நிற்க வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை.

பழைய கார்களுக்கென்றே மல்காஜ்கிரியில் பட்டறை வைத்திருக்கிறாள் நஸ்ரின். ஆம்பூர்க்காரர்களின் பெண், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. இன்ஜினியரிங் படித்து, ஐடி கம்பெனியில் நாலு வருஷம் இருந்து, அலுத்துப்போய் ஸ்பேனரைக் கையில் எடுத்தவள். இவரும் அவளும் சேர்ந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. ஒருவருக்கொருவர் போட்டோ காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இவருக்கு நாலு சக்கரத்துக்கும் இருக்கிறதிலேயே பெரிய டிஸ்க் வேண்டும்.

“நக்கோ அங்கிள், வேணாம்,” என்றாள் நஸ்ரின். “முன்னாடி பெருசு போடலாம். பின்னாடியும் அதே சைஸ் போட்டா, அவசரத்துல மிதிக்கிறப்போ பின்சக்கரம் முதல்ல நின்னுடும். வண்டி அப்படியே திரும்பி வந்த வழியப் பாக்கும்.”

“எனக்கே பிரேக்கு சொல்லிக் குடுக்கறியா, கண்ணு?”

“ஹவ், ஆமா, குடுக்கிறேன். ரயிலு தண்டவாளத்துல போகுது, திரும்ப முடியாது. இது திரும்பும்.”

இவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோல் வெளியே போய் நின்றேன்.

சாமான்கள் வந்து சேர்ந்தன. முன்னால் இரண்டு பக்கமும் தட்டம் மாதிரி பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கப் புது காலிப்பர், பின்னால் அதைவிடச் சின்ன டிஸ்க், பூஸ்டர், புது ஹோஸ். பிரேக் ஆயில் ஊற்றி முடித்ததும் பைப்பில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும் என்றாள் நஸ்ரின். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். இவர்தான் முதலில் சீட்டில் ஏறினார். கொஞ்ச நேரத்தில், “முட்டி வலிக்குது, நீ உக்காரு” என்று இறங்கிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். “மிதிங்க ஆன்ட்டி. புடிங்க. வுடுங்க.” ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரம். இவர் ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்று, குமிழி வராமல் ஆயில் மட்டும் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்க ரயில்ல காத்துதான் பிரேக்கே. இங்க காத்து நுழைஞ்சா பிரேக்கே இல்ல. என்ன கூத்து பாரு,” என்றார்.

வேலை முடிந்ததும் நான் வழக்கப்படி சந்தனம் குங்குமம் வைத்தேன். டிஸ்க் பளபளவென்று இருந்ததால் அதற்கும் ஒரு பொட்டு. நஸ்ரின் ஓடிவந்து துடைத்தாள். “எங்க வேணாலும் வைங்க ஆன்ட்டி, இது மேல மட்டும் வேணாம். பிடிக்க வேண்டியது வழுக்கிடும்.”

கட்கேசர் தாண்டி மனை போட்டு விற்கும் வென்ச்சர் ஒன்று இருக்கிறது. வாசலில் பெரிய அலங்கார வளைவு, இரண்டு பக்கமும் எண் போட்ட கல், நடுவே அகலமான தார் ரோடு. பிளாட் விற்றிருக்கிறதே தவிர ஒரு வீடு எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கேதான் போனோம், பச்சைக் காரில் நஸ்ரின், பின்னால் என் சின்னக் காரில் நாங்கள். டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் புது பேட் அதோடு பழகுவதற்காக முதலில் நஸ்ரின் ஓட்டினாள். வேகம் எடுப்பதும் அழுத்திப் பிடிப்பதும் மறுபடி வேகம் எடுப்பதுமாக நெடுநேரம் போய் வந்தாள். ஒரு கருகல் வாடை வந்தது. ஆறட்டும் என்று விட்டோம்.

அப்புறம் இவர் ஏறினார். வண்டி ரோட்டின் கோடிக்குப் போய்த் திரும்பியது, உறுமிக்கொண்டு வந்தது, எங்களுக்கு நேராக மூக்கைத் தரையில் குத்தி அப்படியே நின்றது. கொஞ்சம்கூட அலைபாயவில்லை. இறங்கிவந்த மனுஷரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. “தொட்டா நிக்குது அரசி, தொட்டா நிக்குது!” நான் நஸ்ரினைக் கட்டிக்கொண்டேன்.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் ரயில்வேக்காரரை வைத்துக்கொண்டு அப்படி வர முடியுமா? பரீட்சை வைக்காமல் எந்த பிரேக்கையும் நம்பக் கூடாது. ரோட்டோரம் ஓர் இடத்தில் என்னை விசிலோடு நிறுத்தினார். வண்டி என்னைத் தாண்டும்போது நான் ஊத வேண்டும், ஊதியதும் பிரேக். நிற்கும் இடத்தில் ஒரு செங்கல் வைத்து அடையாளம். முதலில் நஸ்ரின். ஊதினேன், பின்விளக்கு சிவந்தது, கொஞ்ச தூரத்தில் நின்றாள். அடுத்து, அதே வேகத்தில் இவர். ஊதினேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் சிவந்தது. சிவந்த மாத்திரத்தில் சட்டென்று நின்றது, ஆனால் நஸ்ரினின் செங்கல்லை எவ்வளவோ தாண்டி.

இவர் இறங்கி இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கவலை இல்லை. பழைய கேஸ் ஒன்று மறுபடி கிடைத்த ஆபீசரின் சுறுசுறுப்புதான் இருந்தது.

“டிலே,” என்றார். “எங்கியோ காத்து மாட்டியிருக்குது.”

இதை இவர் வேலையைத் தெரிந்தவர்களால்தான் புரிந்துகொள்ள முடியும். ரயிலில் டிரைவர் பிரேக் போட்டதும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. இன்ஜினிலிருந்து பைப் வழியே சேதி பெட்டி பெட்டியாகப் போய்ச் சேர வேண்டும். அது எங்கே சுணங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம் முழுக்க இவர் பார்த்த வேலை. எந்த வால்வு சோம்பல், எந்த ஜாயின்ட் கசிவு என்று காதை வைத்தே சொல்வார். தாமதம் என்றால் அது பைப்பில்தான் இருக்கும் என்பது இவருக்கு வேதம். மனுஷனிடம் இருக்கும் தாமதத்தைப் பார்ப்பது ரயில்வேயில் வேறு டிபார்ட்மென்ட்.

மறுபடி காற்று எடுத்தார்கள். நான் மறுபடி மிதித்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி விசில், மறுபடி அதே தாமதம். பூஸ்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். பெடலுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் கம்பியைத் திருகி நீளத்தைச் சரிசெய்தார்கள். நன்றாக இருந்த ஹோஸை மாற்றினார்கள். எல்லாம் அங்கிளின் ஆர்டர். நஸ்ரின் செய்தாள், ஆனால் வாய் பேசுவது குறைந்துவிட்டது. இவரைப் பார்க்காமல் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் இவர் பட்டறையின் பின்னால் கை கழுவப் போனபோது என்னருகே வந்தாள். “ஆன்ட்டி, பைப்ல ஒண்ணும் இல்ல.”

“தெரியும்,” என்றேன்.

“நான் ஓட்டுறப்போ டிலே இல்ல. அவர் ஓட்டுறப்போ மட்டும் பைப்ல காத்து எங்கேர்ந்து வரும்?”

“தெரியும்டி. நீயே சொல்லேன்.”

“என்னால முடியல ஆன்ட்டி. அவர் சிரிக்கிறத பாத்தா வாய் வரல.”

எனக்கு மட்டும் வந்துவிடுமா? என் அப்பா ரயில் டிரைவர். லாலாகுடா குவார்ட்டர்ஸில் அவருடைய நடையே தனி. கண் பரீட்சையில் தேறவில்லை என்று ரயில்வே ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். இன்ஜினிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். ரயில்வே காலனியில் அதற்கு ஒரு பெயர் உண்டு, டீகேட்டகரைஸ். ஒரு சாவைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் அதைச் சொல்வார்கள். சம்பளம் வந்தது, மரியாதையும் குறையவில்லை, ஆனால் அப்பா அதன்பிறகு ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். அப்பாவுக்கு அதைச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். வீட்டில் யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே டாக்டர் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். பார்த்தவள் நான்.

சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். அப்படித்தான் யோசித்தேன், மறைப்பதற்கில்லை. வெறும் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காற்று எடுத்துக்கொண்டே காலத்தைத் தள்ளலாம். ஆனால் அடுத்த வாரம் உப்பல் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். உப்பல் ரோட்டில் ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் போகும். நான் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, வென்ச்சர் ரோட்டில், இவரே வழியைத் திறந்துவிட்டார்.

“அரசி, நீ உள்ள உக்காரு. நஸ்ரின் வெளிய நின்னு விசில் ஊதட்டும். நீ என்ற பெடலையே பாத்துட்டு வரோணும். விசில் சத்தத்துக்கும் பெடல் எறங்கறதுக்கும் நடுவுல லூசா ஏதாச்சும் ஆட்டம் இருக்குதான்னு சொல்லு.”

இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி எடுத்த வேகத்தில் முதுகு சீட்டோடு ஒட்டியது. நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, இவர் காலைத்தான் பார்த்தேன். விசில் கேட்டது. இவர் முகம் சுருங்கியது, கை ஸ்டியரிங்கை இறுக்கியது, தொடை துடித்தது. பாதம் மட்டும் ஆக்சிலேட்டர் மேலேயே கிடந்தது, கூப்பிட்டது காதில் விழாத பிள்ளை மாதிரி. பிறகு எழுந்தது, நகர்ந்தது, மிதித்தது. வண்டி நின்றது.

“பாத்தியா? பெடல் எப்ப எறங்குச்சு?”

“நீங்க மிதிச்ச உடனே இறங்குச்சு,” என்றேன்.

“அப்புறம் டிலே எங்க?”

“நீங்க மிதிக்கறதுலதான் இருக்கு. வண்டியில ஒண்ணுமில்லீங்க. கால் வரதுக்கு நேரமாவுது.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“உங்கப்பனை எறக்கின மாதிரி என்னையும் எறக்கப் பாக்கறியா?”

கோபம் வந்தது எனக்கு. இத்தனை நாள் மிதித்தது, ஊதியது, வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. “எறக்கணும்னா எப்பவோ எறக்கியிருப்பேன். உங்க முகத்துல சிரிப்பப் பாத்துட்டு வாயடைச்சுக் கிடந்தேன். நாளைக்கு உப்பல் ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தா பைப்ப நொந்துக்குவீங்களா?”

இவர் கியரைப் போட்டார். பிறகு வண்டியைத் திருப்பினார். “இன்னொரு தடவ. நீ வெறும்னே பாத்துட்டு வராத. பெடல் எறங்கறப்ப ‘இப்ப’ன்னு சத்தமாச் சொல்லு. நான் காதுல கேக்கோணும்.”

மறுபடி வேகம். மறுபடி விசில். நான் காத்திருந்தேன். எண் போட்ட கற்கள் ஒவ்வொன்றாக ஜன்னலில் ஓடின. அந்த ‘இப்ப’ என் வாயில் வந்து நின்றுகொண்டிருந்தது, பெடல் இன்னும் இறங்கவில்லை. விசிலுக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவில் இருந்த அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“இப்ப,” என்றேன்.

வண்டி நின்றது. இவர் இன்ஜினை அணைத்தார். வால்வு சுணங்குவதைக் காதால் பிடிக்கிற மனுஷர். இதையும் பிடித்துவிட்டார். பெடலைக் குனிந்து பார்த்தார், டாஷ்போர்டைத் தடவினார். கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி என் பக்கம் வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை.

“நல்ல பிரேக்கு,” என்றார் தூரத்திலிருந்து ஓடிவந்த நஸ்ரினிடம். “உன்ற வேலைல ஒரு குத்தமும் இல்ல, கண்ணு. நாந்தான் பைப்பத் தோண்டித் தோண்டி உன்னைக் கஷ்டப்படுத்திப் போட்டேன்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அங்கிள்.”

“அரசி, எறங்கு. அந்தப் பக்கம் போ.”

நான் ஓட்டுவது மார்க்கெட்டுக்குப் போகும் சின்னக் கார். இந்த ராட்சசனைத் தொட்டதே இல்லை. மாட்டேன் என்றேன். “சீட்டை முன்னால தள்ளிக்க,” என்றார், அவ்வளவுதான். நஸ்ரின் என் சின்னக் காரில் பின்னால் வந்தாள்.

முதல் கியரில் குதித்தேன், இரண்டாவதில் திட்டு வாங்கினேன். மெயின் ரோட்டுக்கு வந்தபின் வண்டி எனக்குக் கொஞ்சம் வசப்பட்டது. இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் அந்த நாற்காலிக்குத்தான் போவார் என்று நினைத்தேன். அப்பாவின் ஜன்னல் ஞாபகம் வந்தது.

போடுப்பல் தாண்டியதும் ஓர் ஆட்டோ கையும் காட்டாமல் குறுக்கே வளைந்தது. நான் யோசிக்கவே இல்லை, மிதித்துவிட்டேன். வண்டி ஆட்டோவுக்கு முழுசாக ஒரு கஜம் பின்னால், ஆணி அடித்தாற்போல் நின்றது. ஆட்டோக்காரன் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். எல்லாம் முடிந்து, நான் மூச்சை விட்ட பிறகு, பக்கத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். இவருடைய வலது கால் காரின் தரையை ஓங்கி மிதித்திருந்தது.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார்.

“இப்பத்தான் வருது,” என்றார்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. அவர் என் முழங்கையைத் தொட்டார்.

“அடுத்த தடவ மிதிக்கறதுக்கு முன்னாடியே சொல்லு. நானும் சேர்ந்து மிதிக்கறேன்.”

உப்பல் சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. “நிறுத்தப் போறேங்க,” என்றேன். “ம்,” என்றார். கொஞ்சம் பொறுத்து இரண்டு பேரும் மிதித்தோம்.